சுண்ணாம்புத் தண்ணி

"பிள்ளை, மீனுக்குக் கனக்கச் சாப்பாடு போடாதை. நம்பருக்குப் பின்னால ஓடாதை."

விமான நிலையத்துக்கு வெளிக்கிடும்போது சின்னமாமா எனக்குச் சொன்னது இவ்வளவுதான். ஜனவரி முதல் கிழமை. முதல்நாள் இரவுதான் நெடுந்தீவிலிருந்து செய்தி வந்திருந்தது, அம்மம்மா போய்விட்டா என்று. எனக்கும் போக வேணும் போலத்தான் இருந்தது. ஆனால் படிப்பு விசாவைப் புதுப்பிக்கக் குடுத்திருந்தேன். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை. ஆகவே மாமா ஊருக்குப் போனார். நான் ஸ்கார்பரோவில் அவருடைய வீட்டுப் பேஸ்மென்றில், அவருடைய 300 லீற்றர் கடலோடு நின்றுவிட்டேன்.

கடல் என்று சும்மா சொல்லவில்லை. முன்னூறு லீற்றர் உப்புத் தண்ணீர், ஆறு மீன், இருபத்தி மூன்று முருகை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'முருகைக்கற்பாறை' என்று படித்திருப்பீர்களே, அதுதான். பவளம் என்றால் எனக்குத் தாலிக்கொடியில் கோர்க்கும் சிவப்பு மணிதான் ஞாபகம் வரும், அதனால் முருகை என்றே எழுதுகிறேன். மாமாவிடம் இருந்தவற்றில் எந்த ஒன்றும் கடலில் இருந்து உடைத்து எடுத்ததில்லை. எல்லாம் வேறு யாராவது தங்கள் தொட்டியில் வளர்த்து, அதில் நகத்தளவு துண்டு வெட்டி விற்றவை. ஒரு துண்டு அறுபது, எழுபது டொலர் போகும். (ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கட கடலில் உயிர்முருகையை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டுப் பாசிக்குடாப் பக்கம் வாளியோடு போகவேண்டாம்.)

நெடுந்தீவுக்குப் போனவர்களுக்கு இதில் இருக்கிற வேடிக்கை உடன விளங்கும். அந்தத் தீவில் வேலிக்குப் பதில் முருகைக்கல் மதில்தான். சீமெந்தும் இல்லாமல் சாந்தும் இல்லாமல் கல்லுக்கு மேல் கல் அடுக்கி, காணிக்குக் காணி, ஒழுங்கைக்கு ஒழுங்கை. அம்மம்மா வீட்டு மதிலில் ஏறி விழுந்து மாமாவின் முழங்காலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. "ஊரில கழுதை உதைச்சு விழுத்துற கல்லை இஞ்ச காசு குடுத்து வாங்கிக் குளிப்பாட்டிக்கொண்டு இருக்கிறார்" என்று மாமி வருகிற எல்லாரிடமும் சொல்லுவா. மாமா சிரிக்க மாட்டார். "அது செத்தது, இது உயிரோட இருக்கு" என்பார். அவ்வளவுதான்.

முருகை ஒரு பிராணி. பகலில் அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்ணிய அல்கா வெளிச்சத்தில் சமைத்துக் கொடுக்க, முருகை இருந்த இடத்தில் இருந்தே வீடு கட்டிக்கொண்டு போகிறது. வீடு கட்டுகிற பொருள் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல். அதற்கு வேண்டிய கல்சியத்தையும் காபனேற்றையும் சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்துதான் எடுக்கிறது. சமுத்திரத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. எத்தனை முருகை எவ்வளவு குடித்தாலும் சமுத்திரம் குறையாது. முன்னூறு லீற்றரில் குறையும். ஒவ்வொரு நாளும் குறையும். அந்தக் குறையை ஒவ்வொரு நாளும், குறைந்த அளவுக்கே, கூடவும் இல்லாமல் நிரப்புவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முக்கால்வாசி வேலை. மீதிக் கால்வாசி, நிலத்தில் சிந்திய உப்புத் தண்ணியைத் துடைப்பது.

மாமா வைத்துவிட்டுப் போனது ஒரு சீ.ஆர். கொப்பி. ஊரிலிருந்து வந்த யாரிடமோ சொல்லி எடுப்பித்தது. உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: திகதி, வெப்பம், உப்பு, கே.எச். கடைசியில் 'அ.' என்று மட்டும் தலைப்புப் போட்ட இன்னொரு நிரல். வெப்பம் எப்போதும் 25க்கும் 26க்கும் இடையில். உப்பு 35, லீற்றருக்கு 35 கிராம் அளவில். கல்சியமும் மக்னீசியமும் கிழமைக்கு ஒருக்கால் மட்டும், முறையே 420 மில்லிகிராம், 1,300 மில்லிகிராம் அளவில். இவை எல்லாம் நிசமான கடலின் கணக்குக்குக் கிட்டத்தட்டச் சமம்.

கே.எச் என்ற நிரல்தான் உயிர். அதைக் காரத்தன்மை என்று சொல்லலாம், ஆனால் பி.எச் இல்லை, இரண்டையும் குழப்பித்தான் நானும் முதலில் நாசமானேன். பி.எச் என்பது தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்பது. கே.எச் என்பது தண்ணீரிடம் எவ்வளவு இருகாபனேற்றும் காபனேற்றும் கையிருப்பில் இருக்கிறது என்பது. முருகை வீடு கட்டக் கை வைப்பது இந்தக் கையிருப்பில்தான். கடலில் இது 7க்குக் கிட்ட. தொட்டிக்காரர் ஆளாளுக்கு 7இலிருந்து 11 வரை வைத்திருக்கிறார்கள். மாமாவின் கொப்பியில் 7.6. அடுத்த நாள் 7.5. பிறகு 7.6, 7.6, 7.7, 7.6. இரண்டு வருசத்துக்கு இதே கதை. இவ்வளவு அலுப்பான ஒரு புத்தகத்தை நான் வாசித்ததே இல்லை.

ஏன் கே.எச்சை மட்டும் தினம் பார்க்க வேணும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முருகை கே.எச்சில் ஒரு அலகைக் குடித்தால் அதோடு லீற்றருக்கு 7 மில்லிகிராம் அளவு கல்சியத்தையும் எடுக்கும். மாமாவின் தொட்டி ஒரு நாளைக்கு 0.4 அலகு குடிக்கும். அதாவது கல்சியம் 420இலிருந்து 417க்கு வரும்; யாருக்கும் தெரியாது. ஆனால் அதே நேரம் கே.எச் 7.6இலிருந்து 7.2க்கு வந்துவிடும். இரண்டு நாள் மறந்தால் 6.8. பெரிய பானையில் ஒரு அகப்பை அள்ளினால் தெரியாது. சின்னச் சட்டியில் அள்ளினால் தெரியும். கே.எச் சின்னச் சட்டி.

அந்த 0.4ஐ மாமா எப்படி நிரப்புகிறார் என்பதைக் கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சுண்ணாம்புத் தண்ணி. ஓ.எல்லுக்கு விஞ்ஞானம் படிக்கேக்க குழாயால் ஊதி, காபனீரொட்சைட்டுப் பட்டதும் பால்போல் வெள்ளையாகும் என்று பாடமாக்கினோமே, அதேதான். கல்சியம் ஐதரொட்சைட்டு. தொட்டிக்காரர்கள் இதற்கு ஜெர்மன் மொழியில் 'கால்க்வாஸர்' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னாலும் அதே அர்த்தம்தான். மாமா வெற்றிலைச் சுண்ணாம்பு பாவிப்பதில்லை, அதற்குள் என்ன கலந்திருக்குமோ தெரியாது என்று. இங்கே வெள்ளைக்காரர் ஊறுகாய் போடப் பாவிக்கிற சுத்தமான சுண்ணாம்புத் தூள் கிடைக்கும். இருபது லீற்றர் வாளிக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி. கலக்கி, மூடி, அடையவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் பம்ப் எடுக்கும். மூடாவிட்டால் அறைக் காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டே போதும், மேலே ஆடை படர்ந்துவிடும். பாடப்புத்தகச் சோதனை உங்கள் வாளியிலேயே நடக்கும். கையால் தொடக்கூடாது, அரிக்கும்.

ஊரில் முந்தி முருகைக்கல்லைக் காளவாயில் போட்டு எரித்துச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அந்தச் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்தால், முருகை அதைக் குடித்துத் திரும்பவும் முருகைக்கல்லாகும். தெற்குக் கரையில், ஹிக்கடுவைப் பக்கம், இந்தக் காளவாய்களுக்காக எவ்வளவு பாறை போயிற்று என்று தெரிந்தால் இது அவ்வளவு அழகான வட்டம் இல்லை. பிறகு 1998இல் கடல் சூடாகி, மிஞ்சியிருந்ததும் அங்கே பெருமளவு வெளுத்துப் போயிற்று. நான் மாமாவிடம் இதைச் சொன்னேன். "தெரியும்" என்றார். அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான்.

சுண்ணாம்புத் தண்ணியில் இன்னொரு கெட்டித்தனமும் இருக்கிறது. தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. குழம்பு வத்தினால் உப்புக் கரிக்கும்தானே, அதே மாதிரி. ஆகவே விடவேண்டியது நல்ல தண்ணீர். கனடாக் குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி இரவு பகலாக ஓடும், காற்று வறண்டு கிடக்கும், தொட்டி ஒரு நாளைக்கு ஆறு லீற்றர் வத்தும். அந்த ஆறு லீற்றரையும் சுண்ணாம்புத் தண்ணியாக விட்டால் ஒரே வேலையில் இரண்டு காரியம். தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஒரு சென்சர், குறைந்தால் பம்ப் சொட்டுச் சொட்டாக விடும். அந்த நல்ல தண்ணீரும் குழாயில் நேரே பிடித்ததில்லை, ஆர்.ஓ. மெஷினில் வடித்தது. சவர்த்தண்ணி குடித்து வளர்ந்து, நல்ல தண்ணிக் கிணற்றுக்கு அம்மம்மாவோடு குடம் தூக்கிக்கொண்டு நடந்த மனிதர், ஒன்ராறியோ ஏரியின் தித்திப்பான தண்ணீரை ஒன்றுமில்லாமல் வடித்து, அதற்குள் மூட்டையிலிருந்து உப்பை அள்ளிப் போடுகிறார். மாமி சொல்லுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

யன்னல் சண்டையையும் சொல்லவேண்டும். குளிரென்று வீட்டை இறுக்கி மூடி, உள்ளே மூன்று பேர் மூச்சுவிட்டு, காஸ் அடுப்பில் சமைத்தால், வீட்டுக் காற்றில் காபனீரொட்சைட்டு ஏறும். அது தொட்டித் தண்ணீரில் கரைய, பி.எச் இறங்கும். கடலில் 8.1, மாமாவின் தொட்டியில் ஜனவரி விடியற்காலையில் 7.8. ஆகவே மாமா வெளியே மைனஸ் பதினைந்து இருக்கும்போது குசினி யன்னலை ஒரு அங்குலம் திறப்பார். மாமி வந்து மூடுவா. ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் இது எட்டு வருசமாக நடக்கிறது.

முதல் மூன்று கிழமை எல்லாம் ஒழுங்கு. இரவு ஒன்பது மணிக்குப் பரிசோதிப்பேன். ஏ.எல்லில் செய்த நியமிப்புத்தான் இதுவும். நாலு மில்லிலீற்றர் தொட்டித் தண்ணீர், இரண்டு துளி நிறங்காட்டி, பிறகு சின்னச் சிரிஞ்சிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி வாசிப்பது. இரசாயனவியலில் எனக்குச் 'சீ'. இருந்தாலும் 7.6, 7.5, 7.6 என்று மாமாவின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் வரிசையாகப் போனது.

அந்த 'அ.' நிரல் மட்டும் விளங்கவில்லை. அமோனியா என்று நினைத்தேன். ஆனால் 142, 168, 181 என்று இருந்தது. அமோனியா அவ்வளவு என்றால் தொட்டியில் ஒரு புழுவும் மிஞ்சாது. ஒருநாள் கொப்பியை மாமியிடம் காட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அது மாமியின்ர சுகர்" என்றா. அ. என்றால் அம்மா. ஊரில் சின்னம்மா ஒவ்வொரு நாளும் அம்மம்மாவின் விரலில் குத்திப் பார்த்து வட்ஸ்அப்பில் அனுப்ப, மாமா அதைத் தொட்டிக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். ஜனவரி 3ஆம் திகதியோடு அந்த நிரல் வெறுமையாகிவிட்டது. நான் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை முழுக்கத் திறப்பதில்லை, மடித்து வைத்துக்கொண்டு எழுதுவேன்.

நாலாவது கிழமை கே.எச் இறங்கத் தொடங்கியது. 7.5. அடுத்த நாள் 7.1. பிறகு 6.6. பிறகு 6.1.

அந்த 6.1 வந்த இரவுதான் ஊரில் அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள். எல்லாரும் நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, வாகனம் பிடித்துக் கீரிமலைக்குப் போயிருந்தார்கள். அங்கே காலை ஏழரை, எனக்கு இரவு ஒன்பது. மச்சான் வீடியோ கோல் போட்டிருந்தான். படம் நின்று நின்று வந்தது. மாமா வெறும் மேலோடு, தலையில் பானையோடு, கடலுக்குள் இறங்குவது தெரிந்தது. இடுப்பளவு தண்ணீர். பிறகு படம் உறைந்துபோய் அவருடைய முதுகு மட்டும் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேனோ தெரியாது. லைன் அறுந்ததும் எழும்பிப் போய்த் தொட்டியைப் பரிசோதித்தேன். 6.1.

திரும்பவும் செய்தேன். 6.2.

இரண்டு தரம் செய்தாகிவிட்டது, இனி என்ன சந்தேகம்? ஒரு நாளைக்கு 0.5க்கு மேல் எந்தப் பக்கமும் அசைக்காதை என்று கொப்பியின் முதல் பக்கத்தில் மாமா சிவப்பு மையில் எழுதியிருந்தார். வாசித்தேன். ஆனால் அது சாதாரண நாளுக்கு, இது ஆபத்து என்று நினைத்தேன். மாமா தாயின் சாம்பலைக் கரைத்துவிட்டு நிற்கிற நேரத்தில் 'உங்கட முருகை சாகுது' என்று கோல் எடுக்கவா முடியும்? நானே சரிக்கட்ட வேணும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்று இரவு எதையாவது காப்பாற்ற வேணும் போல் இருந்தது.

குசினியில் அப்பச்சோடா இருந்தது. சோடியம் இருகாபனேற்று, கே.எச் ஏற்றுவதற்குப் பலரும் பாவிப்பதுதான். நூறு லீற்றரில் ஒரு அலகு ஏற்ற மூன்று கிராம். முன்னூறு லீற்றரில் ஒன்றரை அலகுக்குப் பதின்மூன்றரைக் கிராம். கணக்கு சரி. தண்ணீரில் கரைத்து ஒரேயடியாக விட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன், 7.3. இன்னும் காணாது என்று மூன்று கிராம். பிறகு 7.5. நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாளும் 7.5, அதற்கடுத்த நாளும் 7.5. மூன்றாம் நாள் காலை மான்கொம்பு முருகையின் நுனிகள் சுட்டது போல் வெள்ளையாக இருந்தன. இதை மாமா பெருவிரல் நகமளவில் வாங்கி ஆறு வருசம் வளர்த்தவர். இரண்டு கையாலும் பொத்த முடியாத அளவுக்குக் கிளைவிட்டிருந்தது. இளம் பச்சை, நுனி ஊதா. மாமி அதை 'மூத்தவன்' என்பா. ஐந்தாம் நாள் அடிப்பக்கத்திலிருந்து தசை உரியத் தொடங்கியது. நனைந்த கடதாசி மாதிரிக் கிழிந்து கிழிந்து தண்ணீரில் போனது. உள்ளே எலும்பு, சுத்த வெள்ளை. நெடுந்தீவு மதில் புதிதாக இருந்த காலத்தில் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு விசர் எண்ணம் வந்தது.

எல்லா எண்ணும் சரி, மூத்தவன் சாகிறான். இது எப்படி? லாச்சி லாச்சியாகத் துழாவியபோது மாமா சரிபார்க்க வைத்திருந்த டிஜிற்றல் மீற்றர் அகப்பட்டது. அதில் பார்த்தேன். 9.3.

அப்போதுதான் அந்த நாலு மில்லிலீற்றர் சிரிஞ்சைத் தூக்கி லைற்றுக்கு நேரே பிடித்தேன். பழைய சிரிஞ்ச். உப்புப் பட்டுப் பட்டு உள்ளே இருக்கிற கறுத்த றப்பர் தேய்ந்து, இழுக்கும்போது பின்னாலிருந்து காற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறது. றப்பருக்குக் கீழே வடிவாக ஒரு குமிழ். நாலு என்று நான் எடுத்தது மூன்றேகால்கூட இருக்காது. தண்ணீர் குறைய அமிலமும் குறையத்தான் தேவைப்படும், எண் இறங்கித்தான் காட்டும். றப்பர் நாளுக்கு நாள் தேய எண் நாளுக்கு நாள் இறங்கியிருக்கிறது. தொட்டி அன்றைக்கும் 7.6இல்தான் இருந்திருக்கிறது. எதுவுமே நடக்கவில்லை. நடந்தது நான் மட்டும்தான். ஏ.எல் ஆய்வுகூடத்தில் எங்கட சேர் அளவியின் நுனியில் வளிக்குமிழ் இருக்கா பார் என்று தொண்டை கிழியக் கத்தியது சும்மாவா? நான் இரண்டு தரம் செய்து உறுதிப்படுத்தியது கே.எச்சை இல்லை, அந்த ஓட்டைச் சிரிஞ்சை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால்தான் கூட வெட்கம். அந்த 6.1 இரவில் நான் முருகைகளைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், எல்லாம் கையை விரித்துக்கொண்டு சந்தோசமாக நின்றிருக்கும்.

கோல் எடுத்தேன். ஊரில் விடிந்து கொஞ்ச நேரம். மாமா வெளியே நின்றிருக்கவேண்டும், காற்று இரைந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"இப்ப எத்தினை?"

"9.3."

"சுண்ணாம்புத் தண்ணியை நிப்பாட்டு. வாளியில வெறும் ஆர்.ஓ. தண்ணி வை."

"தண்ணி மாத்தட்டே மாமா? பாதித் தண்ணியை மாத்தினா உடன இறங்கும் எண்டு கிடக்கு."

"உடன இறக்கவும் வேண்டாம். அதுகள் தானாக் குடிச்சு இறக்கும். ஒண்டும் செய்யாதை."

"மூத்தவன்..."

"ஒண்டும் செய்யாதை பிள்ளை."

கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு அவராகவே சொன்னார், போன வருசம் ஒருநாள் அம்மம்மாவின் சுகர் 58 என்று சின்னம்மா அனுப்பினாவாம். இவர் இங்கிருந்து கத்து கத்து என்று கத்தி, சீனி கரைச்சுக் குடு, ஆஸ்பத்திரிக்கு ஏத்து என்று எல்லாரையும் ஓட வைத்திருக்கிறார். அம்மம்மா திண்ணையில் இருந்து பாக்கு இடித்துக்கொண்டு, எனக்கு ஒண்டுமில்லை என்று சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பார்த்தால் அந்த ஸ்ட்ரிப் திகதி முடிந்தது. "அவவின்ர முகத்தை ஒருக்காக் காட்டு எண்டு நான் கேக்கேல்லை" என்றார். "நம்பரைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டனான்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கிழமைதான் தெரிந்தது. 9.3. 9.0. 8.8. 8.4. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு மருந்தைப் பற்றி, ஏதோ ஒரு திரவத்தைப் பற்றி இணையத்தில் யாரோ சத்தியம் பண்ணினார்கள். மாமி தன் பங்குக்கு, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறன் என்றா. அது மட்டும் தொட்டிக்குள் போகாத மருந்து என்பதால் நான் மறுக்கவில்லை. ஏழாம் நாள் 7.7. திரும்ப வாளியில் இரண்டு தேக்கரண்டி சுண்ணாம்பு.

மற்ற இருபத்திரண்டில் இரண்டு நிறம் மங்கி, மெல்ல மெல்லத் திரும்பின. மிச்சம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தன. கடினமான, மெதுவாக வளர்கிறவை இந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும், மான்கொம்பு பொறுக்காது. மூத்தவனில் முக்கால்வாசி போயிற்று. மேலே ஆறேழு கிளையில் மட்டும் பச்சை மிஞ்சியிருந்தது.

மாமா வந்தது பெப்ரவரி நடுப்பகுதியில். மொட்டைத் தலையில் அப்போதுதான் மயிர் முளைத்திருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே பேஸ்மென்றுக்கு இறங்கி, தொட்டிக்கு முன்னால் குந்தினார். நான் படியில் நின்றேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் லாச்சியைத் திறந்து வெட்டுக்குறட்டை எடுத்து, மூத்தவனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி, உயிருள்ள நுனிகளை ஒவ்வொன்றாக நறுக்கத் தொடங்கினார். டிக், டிக் என்று முறியும். நகமளவு ஏழு துண்டுகள். ஒவ்வொன்றையும் சின்னக் கல்லில் பசை வைத்து ஒட்டச் சொல்லி என் கையில் தந்தார். செத்த பெரிய எலும்பைக் கழுவி யன்னல் கட்டில் வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, மாமி அதில் றப்பர் பாண்ட் மாட்டி வைக்கிறா.

ஏழில் ஐந்து தப்பியது. இப்போது ஒன்பது மாதம். இரண்டு சின்னக் கிளை விட்டிருக்கிறது. இதே வேகத்தில் போனால் பழைய அளவுக்கு வர இன்னும் ஐந்து வருசமாவது வேண்டும், நான் அதுவரை இந்தப் பேஸ்மென்றில் இருப்பேனோ தெரியாது. சிரிஞ்ச் புதிது, மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றுகிறோம். மாமா கொப்பியில் புதுப் பக்கத்துக்குக் கோடு போடும்போது கடைசி நிரலை அழிக்கவில்லை. 'அ.' அப்படியே இருக்கிறது. ஊரில் என்னுடைய அம்மாவுக்கும் இப்போது சுகர் தொடங்கியிருக்கிறது. கிழமையில் இரண்டு நாள் வீடியோவில் கதைத்துவிட்டு நான்தான் அதை நிரப்புகிறேன்.

இன்று விடிய பி.எச் 7.9. மாமா குசினி யன்னலை ஒரு அங்குலம் திறந்தார். மாமி வந்து மூடினா.